நோட்டீசைப் பிரித்துப் படியுங்கள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், கடம்பூரைச் சேர்ந்த முன்னாள் வணிகவியல் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாக ஜெயித்த கதையைச் சொல்வார்கள். கலெக்டர் ஆன கதை, கம்பெனி ஆரம்பித்த கதை. சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க ஏதாவது பேசணும்" என்றபோது, "தம்பி, எங்கிட்ட இருக்கிறது தோத்த கதைதானே" என்றேன். "அதையே சொல்லுங்க, அதுதான் பலபேருக்கு உபயோகப்படும்" என்று சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தில் வந்து நிற்கிறேன்.

நான் 1979-ல் இங்கே பி.காம். முடித்தேன். வரி பற்றிய பரீட்சையில் 62 மார்க். அந்த 62 மார்க் வாங்கியவனுக்குத்தான், பின்னாளில் 2,04,000 ரூபாய் வரிபாக்கி என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அப்போது என் மாதச் சம்பளம் 4,500 ரூபாய்.

பாக்கி வந்த விதம்

நம்ம ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண். மழை பெய்தால் காலில் அப்பும், பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் உளுந்தும் மிளகாயும் வானத்தை நம்பித்தான். அதனால்தான் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் முழுவதும் தீப்பெட்டியை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தது. நானும் 1984-ல் ஒரு சின்ன தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை நாம் 'ஆபீஸ்' என்றுதானே சொல்வோம்! குச்சி அடுக்குகிறவர்கள், மருந்து முக்குகிறவர்கள், வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டித் தருகிறவர்கள் என்று நாற்பது குடும்பம் அதில் சாப்பிட்டது.

என் அப்பா காலத்தில் தீப்பெட்டியில் பேண்ட்ரோல் ஒட்டுவார்கள். கலால் வரி கட்டியதற்கு அடையாளமான சின்னக் காகிதப் பட்டை. அது இல்லாமல் பெட்டி வெளியே போகக்கூடாது. வரி கண்ணுக்குத் தெரிந்தது. என் காலத்து விற்பனை வரி அப்படியில்லை. சரக்கு போய், பணம் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு வரும்.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் 1956-ஆம் வருஷத்து மத்திய விற்பனை வரிச் சட்டப்படி வரி. வாங்குகிறவர் பதிவு பெற்ற வியாபாரியாக இருந்து, 'சி பாரம்' என்று ஒரு படிவம் கொடுத்தால் அப்போது 4 சதவீதம். கொடுக்காவிட்டால் 10 சதவீதம், அல்லது உள்ளூர் வரி அதைவிட அதிகமாக இருந்தால் அது. பாரம் கொடுக்க வேண்டியவர் அவர். கொடுக்காவிட்டால் மாட்டிக்கொள்கிறவன் நான்.

1997-98-ல் வடக்கே ஒரு மொத்த வியாபாரிக்கு 34 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினேன். 4 சதவீத வரியை ஒழுங்காகக் கட்டினேன். "பாரம் அனுப்புறேன், அனுப்புறேன்" என்று போனில் சொன்னார். நானும் நம்பினேன். பணத்தைக் கேட்டு வாங்குகிற நாம், காகிதத்தைக் கேட்டு வாங்குவதில்லை பாருங்கள், அங்கேதான் சறுக்கல். 1999-ல் தொழில் நொடித்து ஆபீசை மூடினேன். கோவில்பட்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். 2001 ஜூலையில் நோட்டீஸ் வந்தது. 34 லட்சத்துக்கு மீதி 6 சதவீதம், 2,04,000 ரூபாய். கட்டாவிட்டால் மாதம் 2 சதவீதம் வட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டி மட்டும் மாதம் 4,080 ரூபாய். என் சம்பளத்தில் வட்டி போக மிஞ்சுவது 420 ரூபாய்!

எட்டு மாதம் பீரோவுக்குள்ளே

அந்த நோட்டீசை நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் பக்கத்தைப் படித்தேன். மடித்து பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அடுத்து வந்த இரண்டு கவர்களைப் பிரிக்கவே இல்லை. பிரிக்காவிட்டால் வரவில்லை என்று ஒரு கணக்கு! பி.காம். படித்த கணக்கு!

உள்ளே என்ன எழுதியிருந்தது என்று பின்னால்தான் படித்தேன். 'இந்த உத்தரவை எதிர்த்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்' என்று இருந்தது. முப்பது நாளும் போய், எட்டு மாதமும் போய்விட்டது.

அந்த எட்டு மாதமும் நான் மனுஷனாக இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கத்துவேன். மகள் பரீட்சைக்குப் பணம் கேட்டால் எரிந்து விழுவேன். ஒருநாள் ராத்திரி கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியவன், வீட்டுக்குப் போகாமல் கடம்பூர் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனசில் நல்ல நினைப்பு இல்லை. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டாம். விடிகிற நேரத்தில் என் வீட்டுக்காரி மகளையும் கூட்டிக்கொண்டு தேடி வந்துவிட்டாள். "எதுனாலும் வீட்ல வந்து சொல்லுங்க" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

2002 மார்ச்சில் ஜப்தி நோட்டீசைக் கதவில் ஒட்டினார்கள். வரிபாக்கியை நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்க 1864-ஆம் வருஷத்திலிருந்தே ஒரு வருவாய் வசூல் சட்டம் இருக்கிறது. அதன்படி அப்பா கட்டிய வீடு ஜப்தி. தெருவே படித்தது. நான் எட்டு மாதம் ஒளித்து வைத்ததை, ஐந்து நிமிஷத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது.

என் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பீரோவைத் திறந்து எல்லாக் கவரையும் எடுத்துத் தரையில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கினாள். "இதுக்கா இம்புட்டு நாள்?" என்று ஒரே கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

3310-ம் 1080-ம்

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல அனுமதி வேண்டும். வரிபாக்கி என்றதும் நம் வட்டாரத்தில் யார் நினைவுக்கு வருவார்? கயத்தாறு நமக்குப் பக்கத்து ஊர். 1959-ல் வந்த சினிமாவின் கட்டபொம்மன் வசனத்தைப் பள்ளிக்கூட மேடையில் மீசை வரைந்துகொண்டு பேசாத பையன் நம் தலைமுறையில் உண்டா? நானும் பேசினேன். ஆனால் வணிகவரி அலுவலகப் படியேறும்போது அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை!

சினிமாவில் இல்லாத ஒரு கணக்கு வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. 1798 மே 31 நிலவரப்படி கட்டபொம்மன் கட்ட வேண்டிய கிஸ்தி பாக்கி 3310 பகோடா என்று கம்பெனி எழுதி வைத்திருந்தது. கலெக்டர் ஜாக்சன் வரச் சொல்லி உத்தரவு போட்டார். ஆனால் ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில்தான் சந்தித்தார். அங்கே கணக்கைச் சரிபார்த்தால், பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மிச்சம் 1080 பகோடாதான். அன்றைக்கு ஒரு பகோடா மூன்றரை ரூபாய். ஆக 3,780 ரூபாய்.

ஆனால் கணக்குப் பார்த்த அந்த மூன்று மணி நேரமும் அவரை நிற்க வைத்தே பேசினார்கள். பிறகு கைகலப்பு, லெப்டினென்ட் கிளார்க் சாவு, விசாரணைக் குழு, ஜாக்சன் பதவியிழப்பு, பானர்மன் படையெடுப்பு என்று போய், 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கில் முடிந்தது. அது வெறும் வரிச் சண்டை இல்லை, சுதந்திரச் சண்டை. என் தீப்பெட்டி பாக்கியை அதோடு ஒப்பிடுகிற துணிச்சல் எனக்கு இல்லை. இரண்டு விஷயம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பாக்கி என்று எழுதி வருகிற தொகை வேறு, கணக்குப் பார்த்தபின் நிற்கிற தொகை வேறு. இரண்டு, மனுஷனைப் பெரும்பாலும் உடைப்பது தொகை இல்லை, நிற்க வைத்துப் பேசுவது.

வழி பிறந்த விதம்

என் மனைவி சொல்லித்தான் நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். வரிக் கணக்குப் பார்க்கிறவர். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இதுல எது கடன், எது காகிதம்?" எனக்குப் புரியவில்லை. "சி பாரம் வந்தா குறையக்கூடியது காகிதம். எது வந்தாலும் குறையாதது கடன். முதல்ல பிரிங்க" என்றார்.

ஏப்ரலில் ரயிலேறி வடக்கே போனேன். மொழி தெரியாது. அந்த வியாபாரியின் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. இரண்டு கடைகளாக வாங்கியிருந்தார். ஒன்று மூடியாயிற்று, இன்னொன்றை அவர் தம்பி நடத்திக்கொண்டிருந்தார். மூன்று நாள் அந்தக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் 19 லட்ச ரூபாய்க்குப் பாரம் போட்டுக் கொடுத்தார். மிச்சம் 15 லட்சத்துக்கு வழியே இல்லை.

தக்க காரணம் காட்டினால், தாமதமாக வந்த பாரத்தையும் அதிகாரி ஏற்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். நான் பார்த்த அதிகாரி, கதவருகே நின்றிருந்த என்னைப் பார்த்து, "உட்காருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கியது. 2002 ஜூனில் திருத்திய உத்தரவு வந்தது. 15 லட்சத்துக்கு 6 சதவீதம், 90,000 ரூபாய். 2,04,000 இருந்த இடத்தில் 90,000! எட்டு மாதம் பீரோவில் இருந்ததும் இதே பாக்கிதான்.

அடுத்து தவணை. "எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டார்கள். நான் வீராப்பாக "ஐயாயிரம்" என்று சொல்லப் போனேன். நண்பர் தொடையில் கிள்ளினார். வெளியே கூட்டிவந்து, "உங்க சம்பளமே நாலாயிரத்து ஐந்நூறு. முடியாததை ஒப்புக்கிட்டு மூணாவது மாசம் தவறுனா, அப்புறம் உங்க வார்த்தைக்கு மதிப்பு கிடையாது" என்றார். வீட்டு வரவு செலவை ஒரு தாளில் எழுதினோம். அரிசி, பால், ஸ்கூல் பீஸ், ரயில் பாஸ், அம்மாவின் மருந்து. அந்தத் தாளையே மனுவோடு இணைத்தோம். மனைவியின் நகை ஐந்து பவுன் போயிற்று. அன்றைக்குப் பவுன் நாலாயிரத்தைச் சுற்றி இருந்த காலம். அந்த 20,000-ஐ முதலில் கட்டினோம். மீதி 70,000-க்கு மாதம் 2,000 வீதம் 35 தவணை.

ராத்திரியில் இன்னும் இரண்டு கடைக்குக் கணக்கு எழுதினேன், 1,200 ரூபாய் வந்தது. என் மனைவி, ஊரில் போளி போடுகிற ஒருவருக்கு மாவு பிசைந்து, பூரணம் உருட்டிக் கொடுத்தாள். கடம்பூர் போளி என்று வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள், அந்த இனிப்பில் கொஞ்சம் எங்கள் வரிபாக்கியும் உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்காத வருஷம் மூன்று. கல்யாண வீட்டு மொய்யைக் குறைத்தோம், பேச்சும் வாங்கினோம். ஆனால் ஒரு தவணைகூடத் தவறவில்லை. 2005 ஜூனில் கடைசித் தவணை கட்டி ரசீது வாங்கிய அன்று, அந்த 36 ரசீதையும் என் மனைவி ஒரு நோட்டில் ஒட்டி வைத்தாள். இன்றும் இருக்கிறது.

மிச்சம் நின்ற 46,800

கதை அங்கே முடிந்தது என்று சொன்னால் பொய். அசல் முடிந்தது, வட்டி நின்றது. முதல் வருஷத்துக்கு 21,600, தவணைக் காலத்துக்கு 25,200. மொத்தம் 46,800 ரூபாய். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுக் கட்டலாம்" என்று நினைத்தேன். மகள் படிப்பு வந்தது, கல்யாணம் வந்தது, அம்மாவின் ஆஸ்பத்திரி வந்தது. உண்மையைச் சொன்னால், நடுவில் சில வருஷம் கட்டியிருக்க முடியும். கட்டவில்லை. பழகிவிட்டது.

அதன் விலை என்ன தெரியுமா? வில்லங்கச் சான்று போட்டால் வீட்டின் மேல் அந்தப் பாக்கி நின்றது. மகளுக்குப் படிப்புக் கடன் வாங்க வீட்டை ஈடு காட்டப் போனேன், வங்கியில் முடியாது என்றார்கள். அவள் படிக்க விரும்பிய படிப்பு ஒன்று, படித்தது வேறு. அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

2023 அக்டோபர் 10-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஒரு சமாதானத் திட்டம் அறிவித்தார். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய பழைய வரிச் சட்டங்களின் கீழ் 50,000 ரூபாய்க்குள் பாக்கி உள்ள வணிகர்களுக்கு முழுத் தள்ளுபடி. 10 லட்சம் வரை இருந்தால் மொத்தத்தில் 20 சதவீதம் கட்டி வெளியே வரலாம். என் 46,800 தள்ளுபடியில் போயிற்று. திட்டம் அமலுக்கு வந்த தேதி அக்டோபர் 16. கயத்தாற்றின் அதே தேதி. தற்செயல்தான், ஆனால் என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். அன்று சாயங்காலம் என்னைப் போலவே மாட்டிக்கொண்ட பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அவர் வட்டியையும் சேர்த்து 2009-லேயே கட்டி முடித்தவர். "உனக்குத் தள்ளுபடியாமே, நல்லது" என்றார். தலைகுனிந்துதான் நின்றேன். ஆனால் அவர் வீட்டுப் பத்திரம் பதினான்கு வருஷம் சுத்தமாக இருந்தது. அவர் மகன் விரும்பியதைப் படித்தான். ஆகவே யார் லாபம் பார்த்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, தங்கைகளுக்கு

இப்போது தீப்பெட்டிக்குச் சி பாரம் இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆனால் வினை அதேதான். உங்களுக்குச் சரக்கு விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்டாவிட்டால், நீங்கள் கொடுத்த வரி உங்களுக்கு வரவாகாது. மாதாமாதம் போர்ட்டலில் பாருங்கள். வராத பில்லுக்குப் பணத்தைப் பிடித்து வையுங்கள். போனில் "அனுப்புறேன்" என்பதை நம்பாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே பிரியுங்கள். முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து வருமானவரிக் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் உண்டு, இணையதளத்தில் சரிபார்க்கலாம். பிறகு கெடு நாளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வருமானவரிக்கு மேல்முறையீடு 30 நாள். ஜி.எஸ்.டி.க்கு மூன்று மாதம், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள், அது பிச்சை இல்லை. ஜி.எஸ்.டி.யில் 24 மாதத் தவணை வரை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்களே கணக்கில் காட்டிய வரிக்கு மட்டும் கிடையாது. ஒரு தவணை தவறினாலும் மொத்தமும் உடனே கட்ட வேண்டிவரும். ஆகவே முடிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வருமானவரியிலும் தவணை கேட்கலாம்; உண்மையான கஷ்டத்தைக் காட்டி வட்டிக் குறைப்பும் கேட்கலாம். அமெரிக்காவில் இருக்கிற நம் நண்பர்கள் சொல்வார்கள், அங்கேயும் தவணை உண்டு, வருமானத்தைப் பார்த்துக் குறைத்துத் தீர்த்துக்கொள்கிற ஏற்பாடும் உண்டு.

வரிபாக்கியை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்காதீர்கள். ஜி.எஸ்.டி. பாக்கிக்கு வருஷம் 18 சதவீதம், வருமானவரிக்கு மாதம் 1 சதவீதம். கந்துவட்டிக்காரனோடு ஒப்பிட்டால் அரசாங்கம் எவ்வளவோ மேல். ராத்திரி வீட்டு வாசலில் வந்து நிற்காது.

தள்ளுபடி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எப்போதாவது வரும். 2017 முதல் 2020 வரையிலான ஜி.எஸ்.டி. பாக்கிகளில் சிலவற்றுக்கு, 2025 மார்ச் 31-க்குள் அசல் வரியைக் கட்டினால் வட்டியும் அபராதமும் கிடையாது என்றார்கள். அசலைக் கட்ட வழி வைத்திருந்தவர்களுக்குத்தான் அது உதவியது.

முக்கியமாக ஒன்று. "ஆதார் கொடு, பான் கார்டு கொடு, ஒரு கையெழுத்துப் போடு, மாசம் ஆயிரம் தர்றேன்" என்று எவனாவது வந்தால் ஓடிவிடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பேரில் கம்பெனி பதிவு செய்து, கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நம் தமிழ்நாட்டிலேயே படித்திருப்பீர்கள். நான் வியாபாரம் செய்து கடன்பட்டேன். அவர்கள் ஒன்றும் செய்யாமல் கடன்பட்டார்கள்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு. நம்மில் யாருடைய பீரோவிலாவது இன்றைக்கும் பிரிக்காத கவர் இருக்கலாம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. இந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை கூடி போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் இல்லை. என்னை அன்றைக்குக் கரையேற்றியவர் இந்தக் கல்லூரியில் எனக்கு ஜூனியர். இன்று நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டியில் அவர் அலுவலகத்தில் இருப்போம். கவரைக் கொண்டு வாருங்கள். பிரிக்கப் பயமாக இருந்தால் நாங்கள் பிரித்துத் தருகிறோம். காப்பி எங்கள் செலவு.

என் வீட்டுக்காரி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், மூன்றாவது வரிசையில். "இதுக்கா இம்புட்டு நாள்?" என்று அவள் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.